எரிக்கச் சொன்ன கடிதம்

பேராதனை,
8-10-1961

அன்புள்ள அண்ணைக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். மச்சாளின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? எண்ணெய் பூசுவதை இடையில் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இது எனக்குக் கடைசி வருடம். சமூகவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் எட்டுப் பேர். அதில் தமிழ்ப்பிள்ளை நான் ஒருத்திதான். ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். மற்றவர்கள் கலியாண முறை, தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்பு வாழ்க்கை என்று எடுத்திருக்கிறார்கள். நான் குற்றவியலை எடுத்தேன். குடியேற்றத் திட்டங்களில் ஏன் இவ்வளவு வெட்டும் குத்தும் நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று விரிவுரையாளர் கேட்டார். "எங்கள் வீடே அப்படி ஒரு திட்டத்தில்தான் இருக்கிறது, சேர்" என்றேன். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. கண்டிச் சிறையில் இருபது கைதிகளைக் கண்டு பேச அனுமதியும் எடுத்துத் தந்துவிட்டார்.

ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய குணத்தை மட்டும் பார்த்தால் போதாது, அவன் வாழ்ந்த ஊரையும் பார்க்கவேண்டும் என்று படிக்கிறோம். ஊரைப் பார்க்க எனக்கு உங்களை விட்டால் யார்? போன வருடம் ஆவணியில் நம் குளத்துத் துருசடியில், தண்ணீர் திறந்துவிடும் மதகடியில், கனகலிங்கத்தார் வெட்டுப்பட்டுச் செத்தாரே, அதைப் பற்றிப் பேப்பரில் நாலு வரிதான் கண்டேன். நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. வெட்டியவனைப் பற்றியும் எனக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து குளத்து ஒதுக்குக் காணியில் குடிசை போட்டவன் என்று மட்டும் கேள்விப்பட்டேன். தண்ணீர் முறை யார் வைத்தது, சண்டை எப்படித் தொடங்கியது, நீங்கள் கண்டது கேட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். என் கட்டுரையின் முதல் அத்தியாயம் நம் கருவேலமடுவாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
அருந்ததி


கருவேலமடு,
மாங்குளம்.
2-11-1961

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் தவராசா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். மச்சாளின் கால் பரவாயில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்சில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. காலபோக விதைப்பு. மழை ஒரு கிழமை பிந்தி வந்தது; வந்தபிறகு விடவில்லை. மேட்டுப் பக்கம் மூன்று ஏக்கரும் விதைத்தாகிவிட்டது. பன்றிக்காக வேலி அடைக்கவேண்டும்.

நீ கேட்ட விஷயத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் மாங்குளத்தில் நின்றேன். உரம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பொலிசுக்கும் அப்படித்தான் சொன்னேன். செத்தவரின் தமையன்தான் இப்போதும் விவசாயக் குழுத் தலைவர். அந்தக் கதையை ஊரில் எவரும் கதைப்பதில்லை, நீயும் கிளறவேண்டாம்.

கலியாண முறை நல்ல விஷயம்தானே. அதை எழுதினால் மச்சாளே உனக்கு ஆயிரம் சொல்லுவாள். மறியல்சாலைக்குள் கைதிகளோடு போய் நிற்பது ஒரு குமர்ப்பிள்ளைக்கு அழகில்லை. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறபோது இதையும் கேட்பார்கள்.

உடம்பைக் கவனி. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
சி. தவராசா


பேராதனை,
19-11-1961

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். சுகம் அறிந்து நிம்மதி. எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

நீங்கள் கோபித்தாலும் இதை எழுதத்தான் வேண்டும். போன செவ்வாய்க்கிழமை சிறைக்குப் போனேன். மூன்று பேருடன் பேசி முடித்தபோது ஜெயிலர் வந்து, "உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியுந்தானே?" என்று கேட்டார். தமிழ் தெரிந்த காவலர் மாற்றலாகிப் போய்விட்டாராம். ஒரு கைதி வீட்டுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று நாளும் கேட்கிறானாம், அவனுக்கு எழுத்து வாசனை இல்லையாம். "தூக்குத் தண்டனைக் கைதி. அப்பீலும் தள்ளுபடியாகிவிட்டது. பயமென்றால் வேண்டாம்" என்றார்.

போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்த மனிதர் ஒருவர் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டார். யோகலிங்கம் என்று பெயர் சொன்னார்; கனகலிங்கத்தாரை வெட்டியவன் என்று பேப்பரில் கண்ட அதே பெயர். நான் திடுக்கிட்டதைக் காட்டிக்கொள்ளாமல், "என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ, எழுதுறன்" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மத்தியானம் பிள்ளை. நான் துருசடியிலை மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு நிண்டனான். கனகலிங்கத்தார் மண்வெட்டியோடை ஓடி வந்தார். 'நீதானேடா மடையை வெட்டினனீ, என்ரை வயல் காயுது' எண்டு கத்தினார். நான் தொடேல்லை எண்டு சத்தியம் பண்ணினன். தோளிலை போட்டார். இரண்டாந்தரம் ஓங்கேக்கை மண்வெட்டியைப் பறிச்சு வீசினன். ஒருக்காத்தான் வீசினனான். பத்தைக்குள்ளை ஒளிச்சு நிண்டு பின்னாலை வெட்டினதெண்டு தமையனும் மச்சானும் கோட்டிலை சொல்லிப்போட்டினம். அவை ரண்டுபேரும் அங்கை நிக்கவேயில்லை."

"அப்ப ஒருத்தரும் காணேல்லையா?"

"ஒராள் கண்டவர். குளக்கட்டுக்கு மேலை நிண்டு எல்லாம் கண்டவர்."

நான் எழுதிக்கொண்டே, "ஆர் அது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எவடத்துப் பிள்ளை?" என்றார். கருவேலமடு என்றேன். "கருவேலமட்டிலை ஆற்றை?"

"தவராசாவின்ரை தங்கச்சி."

அண்ணை, அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி குந்தினார். பிறகு, "அண்ணர் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன், பிள்ளை. அங்கை ஒருத்தரும் நிக்கேல்லை. எழுதினதை வெட்டிவிடுங்கோ" என்றார். வெட்டிவிட்டேன். மனைவிக்கு இரண்டு வரி சொன்னார், எழுதினேன். நேரம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மாங்குளத்தில் எந்தக் கடையில் உரம் எடுத்தீர்கள், அண்ணை?

மார்கழி விடுமுறைக்கு 16ஆம் திகதி வருகிறேன். நேரில் கதைப்போம்.

அன்புடன்,
அருந்ததி


கருவேலமடு,
10-12-1961

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் குறை இருக்காது என்று நம்புகிறேன்.

நீ இப்போது வரவேண்டாம். மழை கடுமை. மாங்குளத்திலிருந்து வரும் பாதை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டு போய்விட்டது. முழங்காலளவு தண்ணீர். கண்டியில் சிநேகிதப் பிள்ளை வீட்டில் நில். மச்சாள் கொழுக்கட்டை மாவும் புளுக்கொடியலும் கட்டித் தந்தாள், தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. வேறொன்றும் இல்லை.

அண்ணன்,
தவராசா


கருவேலமடு,
18-1-1962

அன்புள்ள மச்சாள் அருந்ததிக்கு சிவனேஸ்வரி எழுதிக்கொள்வது.

நீர் சுகமாய் இருப்பீர். எங்கள் சுகத்தைப் பற்றித்தான் எழுதப்போறன். என்ரை எழுத்திலை பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளும். உம்முடைய அண்ணர் வவுனியாவுக்குப் போன நேரம் பார்த்து எழுதுறன். வாசிச்சவுடனை கிழிச்சுப்போடும்.

பாதை உடையவில்லை. உம்மை வரவேண்டாம் எண்டதுக்கு அது காரணமில்லை. நீர் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவரால் பொய் சொல்ல ஏலாது, அதுதான். வயிற்று வருத்தமும் இல்லை. சோற்றைப் பிசைஞ்சுபோட்டு எழும்பிப் போறார். குளக்கட்டுப் பக்கம் போறதே இல்லை. வயலுக்கு மற்றப் பக்கத்தாலை ஒரு மைல் சுத்திப் போறார்.

உம்மட்டை எப்படிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அண்டைக்கு அவர் மாங்குளம் போகவில்லை. பத்து மணிக்கு மண்வெட்டியோடை குளத்துப் பக்கம் போனார். ரண்டு மணி போலை ஓடிவந்து கிணத்தடியிலை வாளி வாளியாய் அள்ளி ஊத்தினார். வேட்டியெல்லாம் துருசடிச் சேறு. நான்தான் தோய்ச்சனான். "ஆரும் கேட்டால் மாங்குளம் போனனான் எண்டு சொல்லு" எண்டார். நானும் சொன்னனான். பொலிஸ்காரர் முற்றத்திலை நிக்க, பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு சொன்னனான்.

வழக்கு எடுக்க முந்தி அந்த மனிசன்ரை பெண்சாதி பத்மாசனி எங்கடை வாசலுக்கு வந்தவ. "அண்ணை, நீங்கள் கண்டதைச் சொன்னால் போதும்" எண்டு கேட்டவ. "நான் ஒண்டும் காணேல்லை" எண்டு இவர் கதவைச் சாத்தினார். பிறகு அவ கேக்கிறதில்லை. ஆனால் தண்ணிக்குடத்தோடை எங்கடை வேலியடியாலைதான் போறவ. வேலியடியிலை கொஞ்சம் நிண்டு, பிறகு போவா.

மச்சாள், நான் கேக்கிறதும் இதுதான், நீரும் இவரட்டை ஒண்டும் கேளாதையும். கனகலிங்கத்தின்ரை ஆக்கள் விடமாட்டினம். காணியும் போகும். மூண்டு பிள்ளையளோடை நான் எங்கை போறது? ஆனால் இதை ஒருத்தரட்டையும் சொல்லாமல் வைச்சிருக்கவும் எனக்கு ஏலாமல் இருக்கு.

அன்புள்ள,
சிவனேஸ்வரி


பேராதனை,
27-1-1962

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்கவேண்டும் என்றுதான் இன்றைக்கும் கும்பிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நித்திரைதான் குறைவு.

எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டாம். நீங்கள் அன்றைக்கு மாங்குளத்தில் நிற்கவில்லை. கட்டுக்கு மேலே நின்றவர் நீங்கள்.

கண்டியில் வழக்குப் பேசும் பிறக்கிராசி பாறூக் ஐயாவைப் போய்க் கண்டேன். வயதானவர். யோகலிங்கத்துக்காக மகாதேசாதிபதிக்குக் கருணை மனு ஒன்றைக் காசு வாங்காமல் எழுதித் தந்திருக்கிறார். சாட்சியின் பெயரை நான் அவருக்குச் சொல்லவில்லை. "ஒருவர் கண்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மகள், பத்தைக்குள் ஒளித்து நின்று வெட்டினான் என்றபடியால்தான் தூக்கு. திடீரென்று வந்த சண்டை, செத்தவர்தான் முதலில் அடித்தார் என்று கண்ட ஒருவர் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் தூக்கு இல்லாமல் மறியலோடு போகும். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும். மாசி முடியுமுன் வேண்டும்" என்றார்.

வவுனியாவில் ஒரு சமாதான நீதவானிடம் போய் நீங்கள் கண்டதைச் சொல்லிக் கையெழுத்து வைத்தால் போதும், அண்ணை. அரைநாள் வேலை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று ஒருவேளை கேட்பார்கள். பயந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். பயந்தவர்களை எவரும் தூக்கில் போடுவதில்லை.

யோகலிங்கத்தை நாலு தரம் கண்டுவிட்டேன். இந்த விஷயத்தைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் நான் எழும்பும்போது, "அண்ணர் சுகமா?" என்று மட்டும் கேட்கிறார். இனி நான் அதற்கு என்ன பதில் சொல்ல?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
அருந்ததி


கருவேலமடு,
13-2-1962

அருந்ததிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு.

பிறக்கிராசியிடம் போகும் அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய். நல்லது. நம்மைப் பெற்ற ஐயா செத்தபோது உனக்குப் பதினொரு வயது. உன்னை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தவன் நான். எனக்கு எட்டாம் வகுப்போடு போய்விட்டது, உனக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். நீ சரித்திரம் படி, தமிழ் படி என்று அனுப்பினேன். தமையன் எங்கே நின்றான் என்று துருவப் படிப்பாய் என்று நினைக்கவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். அந்தச் சிறுபோகம் மழை ஏமாற்றியது. குழு வைத்த முறைப்படி எனக்குத் தண்ணீர் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரம். ஆறு நாள் போனால் வைக்கோல்தான் மிச்சம். அந்த முறைப்பட்டியல் நியாயமாக வைத்ததில்லை. தலைவரின் தம்பி கனகலிங்கத்துக்குக் கிழமையில் மூன்று நாள், எனக்கு ஒரு நாள். மத்தியானம் எல்லோரும் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து மடையை வெட்டி என் வாய்க்காலில் விட்டேன். நீ அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த விளைச்சலை நம்பித்தான் உன் படிப்புச் செலவுக்கு ஓம் என்றிருந்தேன்.

நான் குளக்கட்டில் ஏறித் திரும்பும்போது கனகலிங்கம் ஓடி வந்தான். அங்கே யோகலிங்கம் மாட்டோடு நின்றான். "நீதானேடா" என்று கனகலிங்கம் கத்தியது எனக்குக் கேட்டது. "நான்தான்" என்று ஒரு சொல் மேலிருந்து சொல்லியிருந்தால் அவன் என் பக்கம் திரும்பியிருப்பான். நான் சொல்லவில்லை. கனகலிங்கம்தான் முதலில் தோளில் அடித்தான். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது யோகலிங்கம் பறித்து வீசினான். ஒரு வீச்சுத்தான். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் மறுபக்கம் இறங்கி ஓடினேன்.

இதைச் சொன்னால் மடையை வெட்டியதையும் சொல்லவேண்டும். சொன்னால் காணிப் பெர்மிட் போகும். காணிக்குப் பொறுப்பான காரியாதிகாரி ஒரு நாளும் எனக்கு இரங்கமாட்டார், தலைவர் அவரோடு சாப்பிடுகிற ஆள். ஐயா காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலில் செத்து வாங்கிய காணி. மூன்று பிள்ளைகள். உன் படிப்பு இன்னும் நாலு மாதம். எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துப் பார்.

நான் கையெழுத்து வைக்கப் போகமாட்டேன். வாசித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

இப்படிக்கு,
சின்னத்துரை தவராசா
காணி இல. 47, கருவேலமடுக் குடியேற்றத் திட்டம்


பேராதனை,
18-2-1962

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சாப்பாட்டு மண்டபத்தில் நின்று வாசித்தேன். பிறகு அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். உங்களைத் திட்டி எழுத இருந்தேன், முடியவில்லை. அந்த விளைச்சலில் சாப்பிட்டவள் நானும்தான். அது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். உங்களிடம் இருந்து பணம் வரும் ஒவ்வொரு மாதமும் அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கடிதத்தை எரிக்கவில்லை. என் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது. நான் அதை எவருக்கும் காட்டவும் மாட்டேன், அண்ணை. உங்கள் வாயால் நீங்களே சொல்லவேண்டும். வவுனியாவில் வேண்டாம் என்றால் இங்கே வாருங்கள். நான் புகைவண்டி நிலையத்தில் வந்து நிற்கிறேன். பாறூக் ஐயாவிடம் நானும் கூட வருகிறேன். காணி போனால் போகட்டும். நான் இன்னும் நாலு மாதத்தில் உழைக்கத் தொடங்குவேன், பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

மாசி 28ஆம் திகதி கடைசி நாள். ஒவ்வொரு நாளும் பின்னேரப் புகைவண்டிக்கு வந்து பார்ப்பேன்.

உங்களை நம்பியிருக்கும்,
அருந்ததி


கருவேலமடு,
4-3-1962

அன்புள்ள மச்சாளுக்கு,

நீர் சுகமோ தெரியாது. இஞ்சை பிள்ளையள் சுகம்.

உம்மட்டை மறைக்க ஏலாது. அண்ணர் மூண்டு நாள் வெள்ளை வேட்டி கட்டி மாங்குளச் சந்திக்குப் போனார். முதல் நாள் பஸ் வந்து போன பிறகும் அங்கையே நிண்டதெண்டு தேத்தண்ணிக்கடை லதீபா வந்து சொன்னா. ரண்டாம் நாள் வவுனியா மட்டும் போய், சமாதான நீதவான்ரை கந்தோர் வாசலிலை இருந்துபோட்டுத் திரும்பினார். மூண்டாம் நாள் உம்மட்டை வாறதெண்டு டிக்கட்டும் எடுத்தவர். றெயில் வந்து நிண்டு வெளிக்கிட்டுட்டுதாம், இவர் ஏறேல்லை.

நான் கேட்டன், "ஏனப்பா?" எண்டு. "அருந்ததி பாப்பாள்" எண்டு மட்டும் சொன்னார். என்ன அர்த்தமெண்டு எனக்கு விளங்கேல்லை.

சிவனேஸ்வரி


பேராதனை,
21-3-1962

அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

யோகலிங்கத்தை நேற்றுக் காலை எட்டு மணிக்குத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

கருணை மனு தள்ளுபடியான செய்தி போன கிழமை வந்தது. புதிய சாட்சியம் எதுவும் இணைக்கப்படவில்லை என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைசியாகக் கண்டேன். மனைவிக்கு ஒரு கடிதம் சொன்னார், எழுதி அனுப்பினேன். அன்றைக்கு மட்டும் "அண்ணர் சுகமா?" என்று கேட்கவில்லை. "நல்லாப் படியுங்கோ, பிள்ளை" என்றார்.



அருந்ததி


கருவேலமடு,
2-4-1962

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ உயிரோடும் சுகத்தோடும் இருக்கவேண்டும். அது ஒன்றுதான் இப்போது நான் கேட்பது.

உன் கடிதம் வந்த அன்று நான் வயலில் நின்றேன். தபால்காரர் வரம்பில் கொண்டுவந்து தந்தார். அதை வாசித்துவிட்டு நான் நினைத்த முதல் விஷயத்தைச் சொல்கிறேன், மறைக்கமாட்டேன். "இவள் ஏன் குடுக்கவில்லை?" என்றுதான் நினைத்தேன்.

எரித்துவிடு என்று எழுதினேன். ஆனால் நான் உனக்கு ஒருநாளும் முழுப்பெயர் போட்டுக் கடிதம் எழுதியதில்லை. அதில் முழுப்பெயர் போட்டேன், காணி இலக்கம் போட்டேன், நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதினேன். நீ படித்தவள், பிறக்கிராசியிடம் கொண்டுபோய்க் கொடுப்பாய் என்று நம்பினேன். எனக்குச் சொல்லத் துணிவில்லை. என்னைக் கேளாமல் நீ செய்துவிட்டால் நான் உன்னோடு கோபித்துக்கொண்டு காலம் முழுக்க இருந்திருப்பேன், அந்த மனிசனும் உயிரோடு இருந்திருப்பான். பொலிஸ் வரும் என்று ஒவ்வொரு நாளும் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எவருக்கும் காட்டமாட்டேன் என்று எழுதியதைப் படித்த பிறகும், சொல்லுக்கு எழுதுகிறாய், செய்வாய் என்றே இருந்தேன். நீ நான் வருவேன் என்று புகைவண்டி பார்த்தாய். நான் நீ கொடுப்பாய் என்று படலை பார்த்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பத்மாசனியின் குடிசைக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டும் வெளியே நின்றன. அவள் எழும்பவில்லை. நான் நிலத்தில் இருந்து எல்லாம் சொன்னேன். மடையை வெட்டியது நான் என்றும் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்குத் தெரியும். அவர் அண்டைக்கே சொன்னவர். அதுக்குத்தானே உங்கடை வாசலுக்கு வந்தனான்" என்றாள்.

பிறகு சேலை மடிப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். "கடைசியா வந்தது. ஆரிட்டையும் குடுத்து வாசிப்பிக்க மனம் வரேல்லை. நீங்கள் வாசியுங்கோ."

உன் கையெழுத்து, தங்கச்சி. வாசித்தேன். மாட்டை விற்கவேண்டாம், மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடு, கூரையை மாரிக்கு முன் வேய்ந்துகொள் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு இது இருந்தது: "தவராசா அண்ணரட்டை போய் ஏன் சொல்லேல்லை எண்டு கேளாதை. அவற்றை தங்கச்சிதான் எனக்காகக் கம்பியடியிலை இருந்து இதை எழுதுது. அந்தப் பிள்ளையைக்கொண்டு அதின்ரை தமையனைக் காட்டிக்குடுக்க எனக்கு விருப்பம் வரேல்லை."

அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். "மிச்சத்தையும் வாசியுங்கோ" என்றாள். மிச்சம் ஒன்றும் இல்லை, கைநாட்டுத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "போட்டு வாங்கோ" என்றாள். ஒரு ஏச்சுப் பேச்சு இல்லை. ஏசியிருக்கலாம்.

அங்கிருந்தே மாங்குளம் பொலிசுக்கு நடந்து போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். "இப்ப ஏன் வந்தனீர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எழுதியதன் கீழ் கையெழுத்து வைத்தேன். பொய்ச் சாட்சி சொன்ன இருவர் மீதும் விசாரணை தொடங்கும் என்கிறார்கள். என் பெர்மிட்டைப் பற்றிக் காரியாதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். மச்சாள் அழவில்லை. நேற்று எனக்கு முன்னால் இருந்து சோறு போட்டு, முழுவதும் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ என்னை நம்பினாய், அது உன் பிழை இல்லை.

அண்ணன்,
தவராசா


பேராதனை,
9-4-1962

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று அறிந்ததில் ஓர் ஆறுதல். நானும் சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன்.

"அது உன் பிழை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் வைத்துக்கொள்ள முடியாது.

உங்கள் முழுப்பெயரை நான் கண்டேன். காணி இலக்கத்தையும் கண்டேன். தங்கைக்கு எழுதும் கடிதத்தில் இது ஏன் என்று அன்றைக்கே யோசித்தேன். யோசித்த அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. எரிக்கச் சொல்லி எழுதினீர்கள், கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தீர்கள். எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொண்டேன். நீங்களே வந்து சொல்லவேண்டும் என்று உங்களுக்கு எழுதியது நியாயமாகத்தான் கேட்கும். உண்மை அதுவல்ல. தமையனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் சொல்லும், மச்சாளும் பிள்ளைகளும் என் முகத்தில் முழிக்கமாட்டார்கள், நீங்கள் என்னை விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். பதின்மூன்று நாள் அந்தக் கடிதம் என்னிடம் இருந்தது. கண்டிப் புகைவண்டி நிலையத்துக்குப் போகும் வழியில்தான் பாறூக் ஐயாவின் வீடு. ஒவ்வொரு பின்னேரமும் அவருடைய படலையைத் தாண்டித்தான் போய் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை அதை அவரிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார்.

"இது எப்ப கைக்கு வந்தது, மகள்?"

"மாசி பதினாறு."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, மேசைமேல் என் பக்கம் தள்ளிவிட்டு, கதிரையிலிருந்து எழும்பி உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். அவர் திரும்பி வரவில்லை.

விரிவுரையாளரிடமும் சொல்லிவிட்டேன். அவர், "நீர் ஆய்வாளர்தானே, வழக்கறிஞர் இல்லையே" என்று எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தார். கட்டுரையை முடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். குற்றம் நடக்கும்போது பக்கத்தில் நின்று பேசாமல் இருப்பவர்களைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். வேறு ஊர், வேறு பெயர்கள். நேற்று அதை வாசித்துப் பார்த்தேன். நன்றாக எழுதப்பட்டிருந்தது. அதனால் அதை எடுத்துக் கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பொல்காவலையில் மாறி யாழ்ப்பாண வண்டியில் வருகிறேன். மத்தியானம் மாங்குளத்தில் இறங்குவேன். நீங்கள் சந்திக்கு வரவேண்டாம். முதலில் நம் வீட்டுக்கு வரமாட்டேன், பத்மாசனியிடம் போய்விட்டுத்தான் வருவேன். என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் அவர் தூக்குக்குப் போனார். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் செய்ததை நீங்கள் போய்ச் சொல்லிவிட்டீர்கள். நான் செய்ததை நான்தான் சொல்லவேண்டும்.

மச்சாளை எனக்கும் ஒரு பிடி அரிசி போடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
அருந்ததி